புல்வெளியும் மண்டபங்களும்: ஸ்டோ தோட்டம் பிறந்த கதைக்கு எத்தனை விளக்கங்கள்?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், பக்கிங்ஹாம் நகருக்குச் சற்று வடக்கே ஸ்டோ மாளிகை நிற்கிறது. 1680களில் அதன் தெற்கு வாசலில் நின்று பார்த்தவருக்கு, மதிலுக்குள் நூல் பிடித்துப் பாத்தி கட்டிய படித்தளத் தோட்டம் தெரிந்திருக்கும். நூறு ஆண்டு கழித்து அதே வாசலில் நின்றவர் கண்டது வேறு. ஏரிவரை சரிந்து இறங்கும் புல்வெளி, தாமாக முளைத்தவை போல அங்கங்கே திரண்டு நிற்கும் மரங்கள், வளைந்து சென்று கண்ணுக்கு மறையும் நீர், இடையிடையே கிரேக்க, ரோமானியக் கோயில்களின் சாயலில் எழுந்த மண்டபங்கள். மதில் எங்கும் இல்லை. நாற்புறமும் நேர்கோட்டில் செல்லும் பிரெஞ்சு பாணித் தோட்டமே செல்வத்துக்கும் அதிகாரத்துக்கும் அடையாளமாக இருந்த காலத்தில், ஆங்கிலப் பிரபுக்கள் அதை ஏன் கைவிட்டார்கள்? ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக இக்கேள்விக்கு விடை சொல்லி வருகிறார்கள். சுதந்திரம், சீனா, இத்தாலிய ஓவியம், நில உடைமை, காலனியச் செல்வம் என்று விடைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொரு விடையும் எங்கேனும் ஒரு கட்டத்தில் ஸ்டோவைச் சான்றுக்கு அழைத்திருக்கிறது.

இந்த விடைகளில் பலவும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். தோட்டத்தின் வடிவம் எப்படி மாறியது என்பது ஒரு கேள்வி. அந்த வடிவத்துக்கு அதன் சொந்தக்காரர் என்ன பொருள் ஏற்றினார் என்பது இன்னொன்று. ஸ்டோவின் கால வரிசையைக் கவனித்துப் பார்த்தால் இவ்விரண்டும் வெவ்வேறு வரலாறு உடையவை என்று தெரிகிறது.

ஆட்டுமந்தையிலிருந்து டியூக் பட்டம் வரை

டெம்பிள் குடும்பம் கம்பளி ஆடு வளர்த்துப் பணம் சேர்த்த குடும்பம். பீட்டர் டெம்பிள் 1571இல் ஸ்டோவைக் குத்தகைக்கு எடுத்தார்; அவருடைய மகன் ஜான் 1589இல் அந்தப் பண்ணையையும் அதன் உரிமைகளையும் விலைக்கு வாங்கினார். இன்றுள்ள மாளிகையின் உட்பகுதி 1670களின் இறுதியில் தொடங்கிக் கட்டப்பட்ட செங்கல் வீடு. அதைப் பெருமாளிகையாக்கியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள், பின்னாளைய கோபம் பிரபு (1675-1749). மார்ல்பரோ டியூக்கின் கீழ் போர் புரிந்த படைத்தலைவர் அவர், விக் கட்சிக்காரர், 1715இல் லண்டன் பீர் ஆலை முதலாளி ஒருவரின் மகளை மணந்தார். அந்தச் சீதனமும் நில வருவாயும் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்துக்குச் செலவாயின. சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் தோட்ட அமைப்பையும், ஜான் வான்பரோ, ஜேம்ஸ் கிப்ஸ் ஆகியோர் கட்டடங்களையும் கவனித்தனர். 1730களில் வில்லியம் கென்ட் வந்தார். 1741இல் லான்ஸ்லாட் பிரவுன் என்ற இளைஞர் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, விரைவிலேயே தலைமைத் தோட்டக்காரரானார்.

வாரிசு இல்லாத கோபமுக்குப் பின் சொத்து அவருடைய சகோதரியின் மகன் ரிச்சர்ட் கிரென்வில், அதாவது ஏர்ல் டெம்பிளுக்குப் போனது. அவர் தங்கை ஹெஸ்டர் 1754இல் வில்லியம் பிட்டை மணந்தார். 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்து, இந்திய வைரம் ஒன்றை வாங்கி 1717இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு விற்ற தாமஸ் பிட்டின் பேரன்தான் இந்த வில்லியம் பிட். ஸ்டோவின் நுழைவுச் சாலையின் முகப்பில் 1760களில் எழுந்த கொரிந்திய வளைவை வரைந்தவர் அதே கவர்னரின் கொள்ளுப்பேரன், இன்னொரு தாமஸ் பிட். குடும்பம் மணத்துக்கு மேல் மணம் புரிந்து, நிலத்துக்கு மேல் நிலம் சேர்த்து, 1822இல் பக்கிங்ஹாம் டியூக் பட்டம் வரை ஏறியது. இரண்டாம் டியூக் பத்து லட்சம் பவுனுக்கும் மேல் கடன்பட்டார். 1845இல் விக்டோரியா அரசி வந்து தங்கிய மாளிகையில், 1848இல் நாற்பது நாள் ஏலம் நடந்தது. தட்டுமுட்டுச் சாமான், ஓவியம், சிலை எல்லாம் போய் வந்த தொகை சுமார் 75,000 பவுன்தான். மூன்றாம் டியூக் 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தார். தாது வருடப் பஞ்சத்தில் நிவாரணப் பணியாக வெட்டப்பட்டு, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்க்கு அவர் பெயர்தான். சென்னைக்காரர்களின் நாவில் வழங்கும் பக்கிங்ஹாம், அந்தப் பக்கிங்ஹாம். 1889இல் அவர் இறந்தபோது டியூக் பட்டமும் முடிந்தது. 1921இல் சொத்து விற்பனைக்கு வந்தது. 1923 முதல் மாளிகை பள்ளிக்கூடமாக இயங்குகிறது. 1989இல் தோட்டம் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது.

சுதந்திரத்தின் தோட்டம் என்ற விளக்கம்

மிகப் பழையதும் இன்றும் சுற்றுலாக் கையேடுகள் வரை வாழ்வதும் ஹோரஸ் வால்போல் சொன்ன விளக்கம். 1771இல் அச்சாகி 1780இல் வெளியான அவருடைய தோட்டக்கலை வரலாறு, புதிய தோட்டத்தை முழுக்க ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு என்கிறது. எதேச்சாதிகார பிரான்ஸ் மரத்தையும் நீரையும் கத்தரித்து அடக்கியது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசரும் நாடாளுமன்றமும் உள்ள இங்கிலாந்து அவற்றை அவிழ்த்துவிட்டது. பிரிட்ஜ்மன் மதிலை இடித்து, ஹா-ஹா எனப்படும் மறைபள்ளத்தைத் தோண்டி வழிவிட்டார். கென்ட் அந்த எல்லையைக் கடந்து நாட்டுப்புறத்தையே தோட்டமாகக் கண்டார். இருபதாம் நூற்றாண்டில் நிக்கலஸ் பெவ்ஸ்னர் போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் இக்கருத்தைச் செம்மைப்படுத்தி, விக் கட்சியின் அரசியல் தத்துவத்துக்கும் ஒழுங்கற்ற தோட்டத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்டனர்.

ஸ்டோவை வைத்துப் பார்த்தால் இவ்விளக்கத்துக்குக் கிடைக்கும் வலு குறைவானதன்று. 1733இல் பிரதமர் ராபர்ட் வால்போலின் சுங்க வரி மசோதாவைக் கோபம் எதிர்த்தார். அதற்குத் தண்டனையாக அவருடைய படைப்பிரிவுப் பதவி பறிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பியவர், மாளிகைக்குக் கிழக்கே ஒரு சிறு பள்ளத்தாக்கில் கென்டின் கையால் எலிசியன் வெளி என்ற பகுதியை அமைத்தார். மேட்டின் மேல் வட்ட வடிவில் பண்டைய நற்பண்பின் மண்டபம். உள்ளே ஹோமர், சாக்ரட்டீஸ், லைக்கர்கஸ், எப்பமினோண்டஸ் ஆகிய நால்வர் சிலை. அதன் அருகே இக்கால நற்பண்பின் மண்டபம் என்ற பெயரில், கட்டும்போதே இடிந்த சுவராகக் கட்டிய ஒரு பாழ். அதில் தலையற்ற ஒரு முண்டம். அது பிரதமரைக் குறித்தது என்றே பார்த்தவர்கள் புரிந்துகொண்டனர். நீருக்கு எதிர்க்கரையில், வளைந்த சுவரின் மாடங்களில் பதினாறு மார்பளவுச் சிலைகள். சிந்தனையால் புகழ் பெற்ற எண்மர் ஒருபுறம்: போப், கிரஷாம், இனிகோ ஜோன்ஸ், மில்டன், ஷேக்ஸ்பியர், லாக், நியூட்டன், பேக்கன். செயலால் புகழ் பெற்ற எண்மர் மறுபுறம்: அரசர் ஆல்ஃபிரெட், கறுப்பு இளவரசர், முதலாம் எலிசபெத், மூன்றாம் வில்லியம், ராலே, டிரேக், ஹாம்டன், ஜான் பர்னார்ட். இந்தக் கடைசிப் பெயரைக் கவனிக்க வேண்டும். பர்னார்ட் அப்போது உயிரோடு இருந்த லண்டன் வணிகர். நாடாளுமன்றத்தில் வரி மசோதாவை எதிர்த்தவர். சாக்ரட்டீஸின் பார்வைக்கு நேரே நேற்றைய வாக்கெடுப்பில் எதிர்த்து நின்றவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது, தோட்டத்தைத் துண்டுப் பிரசுரமாக்குவதன்றி வேறில்லை. சற்றுத் தள்ளி, கிப்ஸ் வடித்த காத்திக் மண்டபம் முன்னோர்களின் சுதந்திரத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஜார்ஜ் கிளார்க் 1970களில் எழுதிய ஆய்வுகள், இந்த மண்டபங்கள் தொடர்ச்சியாகப் படிக்கத்தக்க ஒரு திட்டம் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின.

இத்தனை இருந்தும் மூன்று இடறல்கள் உள்ளன. முதலாவது, மறைபள்ளம். சுதந்திர விளக்கத்தின் உயிர்நாடியே அதுதான். ஆனால் அந்த உத்தியை அச்சில் விவரித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், தெசாலியே தார்ஜான்வில். அவருடைய 1709ஆம் ஆண்டு நூலை ஜான் ஜேம்ஸ் 1712இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கோட்டை அரண் கட்டும் கலையிலிருந்து வந்த இப்பள்ளம் ஸ்டோவில் 1724க்குள் தோண்டப்பட்டுவிட்டது. அவ்வாண்டு வந்த பெர்சிவல் பிரபு தம் கடிதத்தில் அதை வியந்து குறிப்பிடுகிறார். அப்போது கோபம், ராபர்ட் வால்போலின் கட்சியில் சமாதானமாக இருந்தவர். இரண்டாவது, கட்சி. சிரென்செஸ்டரில் பெரிய அளவில் காட்டையும் தோட்டத்தையும் கலந்து நட்ட பாதர்ஸ்ட் பிரபு விக்குகளுக்கு எதிரான டோரி கட்சிக்காரர்; புதிய தோட்டத்துக்கு முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் போப் கத்தோலிக்கர், நண்பர்கள் பலரும் டோரிகள். மூன்றாவது, பின்விளைவு. எதேச்சாதிகாரத்துக்குப் பெயர் போன ரஷ்யப் பேரரசி கேத்தரின் 1770களில் தம் அரண்மனைகளில் ஆங்கிலத் தோட்டம் போட்டார். வெட்ஜ்வுட்டிடம் ஆங்கில மாளிகைக் காட்சிகள் தீட்டிய பெரிய உணவுத் தட்டுத் தொகுதி செய்வித்தார். ஸ்டோவும் அதில் உண்டு. ஒழுங்கற்ற புல்வெளிக்குள் சுதந்திரம் இயல்பாகவே பொதிந்திருந்தால், பண்ணையடிமைகளை ஆண்ட அரசிக்கு அது இவ்வளவு எளிதில் ஒத்துப்போயிருக்காது.

இதற்குப் பதிலாக, கேத்தரின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார், பொருளை விட்டுவிட்டார் என்று சொல்லலாம். அப்படிச் சொன்ன உடனே, வடிவமும் பொருளும் பிரிக்கத்தக்கவை என்று ஒப்புக்கொண்டதாகிறது.

சீனமும் இத்தாலியும்

சீன மூலம் பற்றிய விளக்கம் ஹோரஸ் வால்போலுக்கு முந்தையது. 1680களில் எழுதிய கட்டுரையொன்றில் சர் வில்லியம் டெம்பிள், சீனர்கள் சமச்சீர் இல்லாத அழகை வரவழைக்கத் தெரிந்தவர்கள் என்று குறிப்பிட்டார். 1724இல் மத்தேயோ ரீப்பா என்ற பாதிரியார் சீனப் பேரரசரின் கோடைத் தோட்டத்தைக் காட்டும் செப்புப் பட அச்சுகளோடு லண்டன் வந்தார். பீக்கிங் அரண்மனைத் தோட்டம் பற்றி ஜான்-தெனி அத்திரே எழுதிய கடிதம் 1749இல் பாரிஸில் வெளிவந்து, 1752இல் ஆங்கிலமானது. பிரெஞ்சுக்காரர்கள் புதிய பாணியை ஆங்கிலோ-சீனத் தோட்டம் என்றே அழைத்தனர். ஸ்டோவிலும் 1738க்குள் குளத்தின் நடுவே தூண்களின் மேல் நின்ற வண்ணம் தீட்டிய சீன வீடு ஒன்று இருந்தது. ஆங்கிலத் தோட்டங்களில் அறியப்பட்டவற்றுள் அதுவே மூத்தது எனப்படுகிறது.

வால்போல் வட்டாரம் இந்த விளக்கத்தை ஏளனம் செய்தே ஒதுக்கியது. 1772இல் வில்லியம் சேம்பர்ஸ் கீழைத் தோட்டங்களைப் புகழ்ந்து எழுதியபோது, அவர் மூன்றாம் ஜார்ஜின் கட்டடக் கலைஞர் என்பது விக் கட்சியினரை இன்னும் உசுப்பியது. அந்த ஏளனத்தில் தேசப் பெருமைக்கும் கட்சிப் பகைக்கும் பங்கு உண்டு. ஆகவே அதை மட்டும் கொண்டு சீனத் தொடர்பைத் தள்ளிவிடுவது முறையன்று. ஆயினும் சான்று மெலிந்தது. வில்லியம் டெம்பிள் சீன முறையைப் புகழ்ந்த அதே பக்கங்களில், ஆங்கிலேயர் அதில் கைவைக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார். அவர் மனம் தோய்ந்து வருணிப்பது நேர்கோட்டுத் தோட்டத்தைத்தான். அத்திரேயின் கடிதம் வரும் முன்பே எலிசியன் வெளி முடிந்துவிட்டது. சீனச் செய்தி வடிவத்தைத் தந்தது என்பதைவிட, ஏற்கெனவே அந்தத் திசையில் சென்றுகொண்டிருந்தவர்களுக்குத் துணிவு தந்தது என்பது பொருந்தும்.

இத்தாலிய விளக்கத்துக்கு வலு அதிகம். 1920களில் எலிசபெத் மான்வாரிங், கிறிஸ்டபர் ஹஸ்ஸி ஆகியோர், க்ளோத் லொர்ரேன், பூசேன் ஆகியோரின் நிலக்காட்சி ஓவியங்கள் ஆங்கிலக் கண்களைப் பழக்கின என்று எழுதினர். கென்ட் பத்தாண்டு இத்தாலியில் ஓவியம் பயின்றவர். பண்டைய நற்பண்பின் மண்டபம் திவோலியில் உள்ள வட்டக் கோயிலை நினைவூட்டுவது. 1986இல் ஜான் டிக்சன் ஹன்ட் இதைத் திருத்தி, ஓவியத்தைவிட இத்தாலியத் தோட்டங்களே மூலம் என்றார்: சிதைந்த ரோமானியச் சின்னங்களுக்கிடையே நடந்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று நினைவுகூரும் பழக்கத்தை ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போன ஆங்கிலேயர் ஊருக்குக் கொண்டுவந்தனர். இது கூர்மையான திருத்தம். சட்டத்துக்குள் அடங்கிய ஓவியத்தை ஒரே இடத்தில் நின்று பார்க்கிறோம். ஸ்டோவோ நடந்து பார்ப்பதற்கு அமைந்தது. ஒரு மண்டபத்திலிருந்து எதிர்க்கரை தெரியும், பாதை திரும்பினால் அது மறைந்து வேறொன்று எழும். 1744 முதல் பக்கிங்ஹாமைச் சேர்ந்த பென்டன் சீலி வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகங்களும் இதே நடையைத்தான் பின்பற்றின. எனினும், ஹன்டின் விளக்கம் மண்டபங்களுக்குப் பொருந்தும் அளவுக்குப் புல்வெளிக்குப் பொருந்துவதில்லை. இத்தாலியில் அப்படிப்பட்ட பச்சைப் பரப்பு இல்லை. ஆங்கில மழையும் களிமண்ணும் ஆட்டுக் கூட்டமும் இல்லாமல் அது வளராது.

நிலமும் வேலியும்

1970களுக்குப் பின் கேள்வியின் முகமே மாறியது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல், மாளிகையின் சாளரத்திலிருந்து தெரியும் இனிய காட்சி உழைப்பை மறைக்கும் காட்சி என்று எழுதினார். ஆன் பெர்மிங்ஹாம் அதை ஓவியத்துக்கும் தோட்டத்துக்கும் விரித்தார். 1604க்கும் 1914க்கும் இடையே 5,200க்கும் மேற்பட்ட சட்ட முன்வரைவுகள் வழியாக 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான நிலம் வேலியடைக்கப்பட்டது. ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலம், விறகுக் காடு, திறந்த வயல் எல்லாம் தனி உடைமையாயின. நாட்டுப்புறம் முழுவதும் வேலிக்கோடுகளால் அளந்து பிரிக்கப்பட்டபோது, பிரபு தம் வீட்டைச் சுற்றி வேலியே இல்லாதது போன்ற வெளியை உண்டாக்கிக்கொண்டார் என்பது இந்த விளக்கத்தின் சாரம். மறைபள்ளம் இங்கே வேறு முகம் காட்டுகிறது: அது எல்லையை அழிக்கவில்லை, எல்லையைக் கண்ணுக்கு மறைத்தது, மாடு உள்ளே வராது, ஊராரும் வர முடியாது.

ஸ்டோவில் இதற்கான தடயத்தை நெருங்கிப் பார்க்கலாம். எலிசியன் வெளியின் ஓரத்தில், மரங்களுக்கிடையே மறைந்து, ஓர் இடைக்காலத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. தேவாலயம் இருந்தால் ஊர் இருந்திருக்க வேண்டும். இருந்தது; ஸ்டோ என்பதே அந்த ஊரின் பெயர். தோட்டம் விரிய விரிய வீடுகள் குறைந்தன, ஊர்ச் சாலை திசை மாறியது, மக்கள் டேட்ஃபோர்ட் போன்ற அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போயினர். தேவாலயமும் அதன் கல்லறைகளும் மட்டும் எஞ்சின. அவற்றையும் மரம் நட்டு மறைத்தார்கள். சாக்ரட்டீஸின் மண்டபத்துக்கும் ஆல்ஃபிரெடின் சிலைக்கும் நடுவே செல்லும் நடைபாதை, ஒரு காலத்தில் மக்கள் வாழ்ந்த ஊரின் பக்கத்தில் செல்கிறது. முன்னோரின் சுதந்திரத்தைக் கல்லில் எழுதிய இடம் இது என்பதை நினைவில் வைத்தால், வில்லியம்ஸின் குற்றச்சாட்டை மிகை என்று தள்ள முடியாது.

கால வரிசை இங்கேயும் இடிக்கிறது. நாடாளுமன்ற வேலியடைப்பின் பேரலை 1760களுக்குப் பிந்தையது. ஸ்டோவின் முக்கிய மாற்றங்களில் பல 1720களிலிருந்து 1749க்குள் நடந்தவை. டெம்பிள் குடும்பம் மான் பூங்காவுக்காக நிலத்தை அடைத்ததோ 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. டாம் வில்லியம்சன் 1995இல் எழுதிய நூல் இந்தச் சிக்கலுக்கு நிதானமான வழி காட்டியது. பெரும்பாலான சிறு நிலக்கிழார்கள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நேர்கோட்டுத் தோட்டத்தையே வைத்திருந்தனர் என்றும், திறந்த பூங்கா பரவியதற்கு மரம் வளர்ப்பு, மேய்ச்சல், வேட்டைப் பறவை, விருந்தினர் சவாரி போன்ற நடைமுறைப் பயன்கள் காரணம் என்றும் அவர் வாதிட்டார். புல்வெளி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல், கப்பல் மரத்துக்கு நாற்றங்கால். ஸ்டோவில் மாளிகைக்கு மேற்கே, தோட்டத்துக்குள்ளேயே, கால்நடைகள் மேய்ந்த ஒரு பெரிய வயலைப் பிரிட்ஜ்மன் அடக்கி வைத்திருந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். கம்பளி ஆட்டில் பிழைத்த குடும்பத்துக்கு மேய்ச்சல் நிலம் அழகாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அண்மையில் சேர்ந்தது காலனியச் செல்வம் பற்றிய விளக்கம். ஜில் காசிட் 2005இல் தோட்ட அமைப்பையும் கரும்புத் தோட்டத்தையும் சேர்த்துப் படித்தார். நேஷனல் டிரஸ்ட் 2020இல் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனிய ஆட்சியோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டுக் கடும் சர்ச்சைக்கு உள்ளானது. ஸ்டோவுக்கு இந்தத் தொடர்பு உறுதியாக உண்டு: 1796இல் நடந்த திருமணம் ஒன்றின் வழியாக ஜமைக்காவின் ஹோப் கரும்புத் தோட்டமும் அதில் அடிமைப்பட்டிருந்தோரும் இக்குடும்பத்தின் சொத்தாயினர். இதைச் சொல்வது நாட்டை இழிவுபடுத்துவது என்ற எதிர்ப்பில் சாரம் இல்லை. சொத்துப் பத்திரம் சொல்வதை வரலாறு சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தத் திருமணம் நடந்தது கோபம் இறந்து நாற்பத்தேழு ஆண்டுக்குப் பின். ஹோப் தோட்டத்தின் வருவாய் ஸ்டோவின் பிற்கால ஆடம்பரத்தைத் தாங்கியது என்று சொல்லலாம். 1730களின் புல்வெளியை விளைவித்தது என்று சொல்ல முடியாது.

வடிவம் ஒரு வரலாறு, பொருள் ஒரு வரலாறு

மேலே கண்ட ஆண்டுகளை அடுக்கி வைத்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மறைபள்ளம் 1724க்கு முன். அரசியல் மண்டபங்கள் 1733க்கும் 1749க்கும் இடையில். 1739இல் பிரிட்ஜ்மனின் விதவை சாரா வெளியிட்ட படத் தொகுப்பில் தோட்டத்தின் பெரும்பகுதி இன்னும் நேர்கோட்டு மரச்சாலைகளோடுதான் இருக்கிறது; எண்கோண ஏரி உண்மையாகவே எண்கோணமாக இருக்கிறது. அதாவது, ஸ்டோ தன் அரசியலை மிக உரக்கப் பேசிய ஆண்டுகளில் அதன் வடிவம் பாதிதான் மாறியிருந்தது. ஏரியின் கரைகள் நெகிழ்ந்ததும், நேர்கோட்டு மரச்சாலைகள் கலைந்ததும், மண்டபங்கள் சில இடம் மாறியதும் 1750க்குப் பின், ஏர்ல் டெம்பிள் காலத்தில். அப்போது கோபமின் சண்டைகள் பழங்கதையாகியிருந்தன. கிரேக்க மண்டபம் 1763க்குப் பின் ஏழாண்டுப் போரின் வெற்றிச் சின்னமாகப் பெயர் மாறியது. பொருள் குன்றக் குன்ற வடிவம் முழுமையடைந்தது. 1751இல் ஸ்டோவை விட்டுப் போன பிரவுன், 170க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அந்த வடிவத்தைக் கொண்டுசென்றார். விக், டோரி என்று அவர் வாடிக்கையாளர்களைப் பிரிக்கவில்லை. தலைவர்களின் சிலை வரிசையையும் அவர் கூடவே எடுத்துச் செல்லவில்லை. பொருளே வடிவத்தைப் பெற்றது என்றால் இந்தப் பிரிவினை நேர்ந்திருக்காது.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு நியாயமான மறுப்புகள் எழும். வடிவத்தைப் பயனோடு கட்டிப்போட்டால், கிரேக்கப் பள்ளத்தாக்கை என்ன செய்வது? 1746இலும் 1747இலும் பிரவுனின் மேற்பார்வையில், மாளிகைக்கு வடகிழக்கே இருந்த சமமான நிலத்தில் மண்வெட்டி, தள்ளுவண்டி, குதிரை வண்டி ஆகியவற்றைக் கொண்டு இருபதாயிரம் கன கெஜத்துக்கும் மேல் மண் வெட்டிச் சுமந்தார்கள். முடிவில் கிடைத்தது இயற்கையாகவே அமைந்தது போன்ற புல் பள்ளத்தாக்கு. மேய்ச்சலுக்கு இவ்வளவு செலவு செய்ய யாரும் முன்வர மாட்டார். இந்த மறுப்பு செல்லும். நிலப் பொருளாதாரம் எது இயலும், எது மலிவு என்பதைச் சொல்கிறது. எதை ஒருவர் விரும்பினார் என்பதை அது சொல்வதில்லை. விருப்பத்தை விளக்க இத்தாலிய நினைவும் பயண நடையும் வேண்டும். வில்லியம்சனின் விளக்கம் சிறு பூங்காக்களின் பரவலுக்குப் பொருந்தும் அளவுக்கு, வழிகாட்டியாக நின்ற ஸ்டோவுக்குப் பொருந்தாது என்பதே என் கணிப்பு.

அன்றைய மக்களே தோட்டத்தின் தளர்வைச் சுதந்திரம் என்று வாசித்தார்கள், வடிவத்தைப் பொருளிலிருந்து பிரிப்பது இன்றைய ஆய்வாளரின் செயற்கை என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு அன்றைய வாசகர்களே பதில். 1748இல் வில்லியம் கில்பின் எழுதிய உரையாடலில் ஸ்டோவைச் சுற்றும் இருவரும் ஒன்றுபோல் வாசிக்கவில்லை; ஒருவருக்கு மண்டபங்களின் அறக்கருத்து, மற்றவருக்கு நிலக்காட்சி. 1761இல் வெளியான ரூசோவின் நாவலில் வரும் பயணி, பல நாடுகளையும் பல காலங்களையும் ஒரே இடத்தில் திணித்த செயற்கை என்று ஸ்டோவைக் குறை சொல்கிறான். 1770இல் தாமஸ் வேட்லி அதைப் பெரும்பாலும் நிலம், நீர், மரம், ஒளி ஆகியவற்றின் அமைப்பாகவே விவரிக்கிறார். 1786இல் ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் சேர்ந்து வந்தார்கள். சுதந்திரப் போரை அப்போதுதான் முடித்த இருவரும் அங்கே சுதந்திரத்தின் ஆலயத்தைக் கண்டு உருகியதாகத் தெரியவில்லை. ஆடம்ஸ் மது, காமத் தெய்வங்களின் மண்டபங்கள் தேவையற்றவை என்றார், ஜெஃபர்சன் கொரிந்திய வளைவுக்கு நேரே வந்து சேரும் சாலையின் விறைப்பைக் குறை கூறினார். சுதந்திரம் என்ற வாசிப்பு பலவற்றுள் ஒன்றாக இருந்தது. அதை ஒரே வாசிப்பாக நிலைநிறுத்தியவர் ஹோரஸ் வால்போல்.

தீராமல் இருப்பவை

இதுவரை வந்த ஆய்வுகளைக் கொண்டு ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஸ்டோவின் மண்டபங்களுக்கு அரசியல் விளக்கமும், அவற்றைச் சுற்றி நடக்கும் முறைக்கு இத்தாலிய விளக்கமும், பச்சைப் பரப்புக்கு நிலவுடைமை விளக்கமும் வெகுவாகப் பொருந்துகின்றன. சீன விளக்கம் துணைச் சான்றாகவே நிற்கிறது. காலனியச் செல்வம் பற்றிய விளக்கம் ஸ்டோவின் தோற்றத்துக்கு உதவாவிட்டாலும், அது 1848 வரை எப்படி நீடித்தது என்ற கேள்விக்கு இன்றியமையாதது. இந்தப் பங்கீடு பிற மாளிகைகளுக்கும் பொருந்துமா என்பதைத் தனித்தனியே பார்த்தாக வேண்டும். கவர்னர் தாமஸ் பிட் வைர வணிகப் பணத்தில் கார்ன்வாலில் வாங்கிய பொகானக் போன்ற இடங்களில், காலனியப் பணம் நிலத்துக்குள் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அங்கே விடை மாறக்கூடும்.

கென்டும் பிரவுனும் தம் கலையை விளக்கி நூல் எழுதவில்லை. ஆகவே எந்த வளைவு யாருடைய யோசனை, எலிசியன் வெளியில் கோபமின் பங்கு எவ்வளவு, கிரேக்கப் பள்ளத்தாக்கில் பிரவுனின் பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை முடிவின்றித் தொடர்கிறது. அதைவிடக் குறைவாகவே ஆராயப்பட்டது உழைப்பு. பள்ளத்தாக்கைத் தோண்டியவர்கள் காலியான ஊரின் மக்கள்தாமா, களை பறித்த பெண்களுக்கு என்ன கூலி, நிலத்தை இழந்தவர்கள் அதே நிலத்தில் தினக்கூலியாகத் திரும்பினார்களா என்ற கேள்விகள் கலை வரலாற்றாசிரியர்களைப் பெரிதாக ஈர்க்கவில்லை. சென்னையில் மூன்றாம் டியூக்கின் பெயர் தாங்கிய கால்வாயை வெட்டிய பஞ்சக் கூலிகளைப் பற்றி நிவாரண அறிக்கைகளின் வழியாக நாம் அறிவது, அவருடைய முன்னோர்களின் தோட்டத்தை வெட்டியவர்களைப் பற்றி அறிவதைவிட அதிகமாக இருக்கலாம். ஸ்டோவின் குடும்ப ஆவணங்களும் கணக்கேடுகளும் 1920களில் அட்லாண்டிக் கடந்து கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்துக்குப் போய்விட்டன. கிளார்க் மண்டபங்களின் பொருளைக் கட்டியெழுப்பியதும் அவற்றிலிருந்துதான். அதே ஏடுகளைக் கூலிக் கணக்குக்காக ஊர்த் தேவாலயப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் படித்தால், நிலவுடைமை விளக்கம் ஸ்டோவுக்கு எந்த அளவு செல்லும் என்பது இப்போது இருப்பதைவிடத் தெளிவாகும். அதுவரை அந்த விளக்கத்தை வலுவான ஊகம் என்ற அளவிலேயே ஏற்பது தகும்.